பச்சை உடம்புக்கு மூச்சு முட்டினால்

கேள்வி: நாங்கள் கடலூர் முதுநகரில் இருக்கிறோம். என் தங்கைக்கு 31 வயது. சிசேரியன் ஆகிப் பதினொரு நாள் ஆகிறது. தாய்வீட்டில் எங்களோடுதான் இருக்கிறாள். கடைசி மாதத்தில் ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது. மூன்று நாளாக இரவில் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண் அயர்கிறாள். வறட்டு இருமலும் இருக்கிறது, இரண்டு காலும் வீங்கியிருக்கின்றன. பச்சை உடம்பு அப்படித்தான் இருக்கும் என்கிறார் பாட்டி. மருந்துக் கடையில் இருமல் டானிக் கொடுத்தார்கள். பிரசவத்துக்கும் இதயத்துக்கும் தொடர்பு உண்டா? தாய்ப்பாலை நிறுத்த வேண்டிவருமா? அடுத்த குழந்தை பெறலாமா?

பதில்:

தம்பி, இதை முழுதும் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். தங்கையை இப்போதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டியில் அவரைப் படுக்க வைக்க வேண்டாம், நிமிர்ந்து உட்கார்ந்தபடியே வரட்டும். மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அரசுத் தலைமை மருத்துவமனைதான் உங்களுக்குப் பக்கம். முதலில் அங்கே ஆக்சிஜனும் ஊசியும் கிடைக்கட்டும். மேல்சிகிச்சை வேண்டுமானால் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பார்கள். புறநோயாளிகள் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்காதீர்கள். நேராக அவசரப் பிரிவுக்குப் போய் இப்படிச் சொல்லுங்கள்: "பிரசவமாகிப் பதினொரு நாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது. கடைசி மாதம் பிரஷர் இருந்தது. இதயத்தைப் பார்க்க வேண்டும்." பிரசவமானது முதல் வாக்கியத்தில் வர வேண்டும். "இருமல், மூன்று நாளாகத் தூக்கமில்லை" என்று ஆரம்பித்தால், இளம்பெண் ஒருத்தி சளிக்கு வந்திருக்கிறாள் என்றே எதிரில் இருப்பவர் நினைப்பார். டிஸ்சார்ஜ் சீட்டையும் கர்ப்பகாலப் பதிவு அட்டையையும் மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்றதை அங்கே காத்திருக்கும் நேரத்தில் படியுங்கள். நான் புதுச்சேரியில் ஓய்வுபெற்ற பொதுமருத்துவர். பிரசவ வார்டில் யாருக்காவது மூச்சோ துடிப்போ தடுமாறினால் கூப்பிட்டு அனுப்பும் ஆளாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்திருக்கிறேன்.

தொடர்பு உண்டா என்று கேட்டீர்கள். மிக நெருங்கிய தொடர்பு உண்டு. கர்ப்பத்தில் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் கூடிவிடுகிறது. அத்தனையையும் இதயம்தான் இறைத்தாக வேண்டும். குழந்தை பிறந்ததும் பாரம் இறங்கிவிட்டது என்று நாம் பெருமூச்சு விடுகிறோம். இதயத்துக்கோ அந்த நேரத்தில்தான் வேலை இன்னும் ஏறுகிறது. கருப்பை சுருங்கச் சுருங்க, அதில் நின்ற ரத்தமெல்லாம் பிழிந்து பொது ஓட்டத்துக்கு வந்து சேர்கிறது. கால்களிலும் தசைகளிலும் கோத்திருந்த நீர் அடுத்தடுத்த நாட்களில் ரத்தக் குழாய்க்குள் திரும்புகிறது. நல்ல இதயம் இதைச் சமாளித்துவிடும். நலிந்த இதயத்தால் முடியாது. தேங்கிய நீர் நுரையீரலில் ஊறத் தொடங்கும்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் நான் முதலில் சந்தேகப்படுவது பேறுகாலத்தில் வரும் இதயத்தசை நலிவை. மருத்துவர்கள் இதைப் பெரிபார்ட்டம் கார்டியோமயோபதி என்பார்கள். அதுவரை எந்த இதயக் கோளாறும் இல்லாத பெண்ணுக்கு, பிரசவத்துக்கு முந்தைய கடைசி மாதத்திலிருந்து பிரசவமாகி ஐந்து மாதத்துக்குள் இதயத்தசை தளர்ந்துபோவதே இந்த நோய். பெரும்பாலும் பிரசவமான முதல் சில வாரங்களில்தான் வெளிப்படும். கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறியவர்கள், இரட்டைக் குழந்தை சுமந்தவர்கள், முப்பது வயதைத் தாண்டியவர்கள் இவர்களுக்கு வாய்ப்பு அதிகம். ஆனால் இவற்றில் ஒன்றுமே இல்லாத பெண்களுக்கும் வந்து பார்த்திருக்கிறேன்.

இந்த நோய் தப்பிப் போவதற்குக் காரணம், இதன் ஒவ்வோர் அறிகுறிக்கும் வீட்டில் ஏற்கெனவே ஒரு சமாதானம் தயாராக இருப்பதுதான். களைப்பா, குழந்தை தூங்க விடவில்லை. கால் வீக்கமா, சிசேரியனில் ஏற்றிய குளுக்கோஸ். இருமலா, தலைக்கு ஊற்றியது சேரவில்லை. அதனால் நான் எப்போதும் ஒரே ஒரு கேள்வியை முதலில் கேட்பேன்: இரவில் எத்தனை தலையணை வைக்கிறாய் அம்மா? ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகி, கடைசியில் சுவர்தான் தலையணை என்று ஆகியிருந்தால், அதற்குமேல் விசாரிக்க எனக்கு அதிகமில்லை. படுத்ததும் காலில் நிற்கும் நீர் மார்புப் பக்கம் திரும்புகிறது; பலமிழந்த இதயத்தால் அதை வாங்கி வெளியேற்ற முடிவதில்லை; நுரையீரல் நனைகிறது, இருமல் வருகிறது. எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. இந்த இருமலுக்கு டானிக்கில் மருந்து கிடையாது.

பாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணை நான் மறந்ததில்லை. பிரசவமாகி ஒன்பதாம் நாள் இரவு கொண்டுவந்தார்கள். குழந்தையின் துணிமணி, கிரைப் வாட்டர் எல்லாம் ஒரு பையில் ஒழுங்காக அடுக்கியிருந்தது. தாயின் காகிதங்கள் கசங்கிய பிளாஸ்டிக் உறையில் இருந்தன. அதில் கடைசியாக எழுதியிருந்த ரத்த அழுத்தம் டிஸ்சார்ஜ் ஆன காலையில் பார்த்தது. அதற்குப் பிறகு அவள் கையில் யாரும் கருவியைச் சுற்றவில்லை. இடையில் இரண்டு இடங்களில் காட்டியிருக்கிறார்கள். ஓரிடத்தில் சளிக்கு மாத்திரை, இன்னோரிடத்தில் ஆஸ்துமா என்று புகைமருந்து. அவள் கட்டில் விளிம்பில் முன்பக்கம் குனிந்து இரண்டு முழங்கால்களையும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா பனையோலை விசிறியை நிறுத்தவே இல்லை. ஒரு சொல், ஒரு மூச்சு, மறுபடி ஒரு சொல் என்றுதான் அவளால் பேச முடிந்தது. ஆக்சிஜன் வைத்து, நீர் பிரிய ஊசி போட்டோம். விடிவதற்குள் ஒன்றரை லிட்டருக்கு மேல் சிறுநீர் பிரிந்தது. காலையில் நான் போனபோது, "பிள்ளைக்கு ராத்திரி யார் பால் கொடுத்தது டாக்டர்?" என்று ஒரே மூச்சில் கேட்டாள். அதைக் கேட்டு அவள் அம்மா அழுதுவிட்டார். எக்கோவில், அதாவது இதயத்தைப் பார்க்கும் ஸ்கேனில், தள்ளுதிறன் 30 சதவீதமாக இருந்தது. எட்டு மாதத்தில் 55 ஆனது.

அந்தத் தள்ளுதிறன் என்ன என்று சொல்லிவிடுகிறேன், நாளைக்கு உங்கள் கையிலும் ஒரு எக்கோ அறிக்கை இருக்கும். இதயத்தின் இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில், ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்ற கணக்கு அது. 'ஈ.எஃப்.' என்று எழுதியிருப்பார்கள். 55-க்கு மேல் இருந்தால் நல்லது. 45-க்குக் கீழே இறங்கி, வேறு காரணமும் தென்படாவிட்டால் இந்த நோய் என்று முடிவு செய்வார்கள். எண்ணைப் பார்த்து மனம் உடைந்துவிடாதீர்கள். சிகிச்சை சரியாகக் கிடைத்தால் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஆறு மாதத்துக்குள் இதயம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அதன் பிறகும் மெல்லத் தேறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மூச்சு சீரானதும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட்டு, இரண்டு மாதத்தில் முன்பைவிட மோசமாகத் திரும்பி வந்தவர்களும் உண்டு.

இனி ரத்த அழுத்தம். இதைப் பற்றி நான் சற்று நீட்டித்தான் பேசுவேன். கர்ப்பத்தில் ஏறும் அழுத்தம் பிரசவத்தோடு போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில், பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள்தான் அது உச்சத்துக்குப் போகிறது. நம் ஊரில் சுகப்பிரசவத்துக்கு மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆக, அழுத்தம் உச்சியில் இருக்கும் நாட்களில் தாய் வீட்டில் இருக்கிறாள்; வருகிறவர்கள் எல்லோரும் தொட்டிலைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள். பிரசவமாகி 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ஒருமுறை, 7 முதல் 14 நாளுக்குள் ஒருமுறை, ஆறாம் வாரத்தில் ஒருமுறை தாயைப் பரிசோதிக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அழுத்தம் இருந்தவர்களுக்கு இது போதாது. முதல் பத்து நாளும் வீட்டிலேயே தினம் பார்ப்பது நல்லது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, முதுகு சாய்ந்திருக்க, கை மார்பு மட்டத்தில் இருக்கப் பாருங்கள். 140/90-ஐத் தொட்டால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். 160/110-ஐத் தொட்டால் எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

அழுத்தம் கைமீறினால் வலிப்பு வரும். நம் பாட்டிமார் பிரசவ ஜன்னி என்று சொல்லி அஞ்சியதில் இதுவும் அடங்கும். தாங்க முடியாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது போன்ற தோற்றம், விலா எலும்புக்குக் கீழே வலப்புறம் வலி இவை அதற்கு முன்னால் வரக்கூடிய எச்சரிக்கைகள். வலிப்பு வந்துவிட்டால் கையில் சாவிக்கொத்தைத் திணித்து நேரத்தைப் போக்காமல், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். இதற்கு மெக்னீசியம் சல்பேட் என்ற மலிவான, பழைய மருந்து இருக்கிறது. கர்ப்பகால அழுத்த நோய் உள்ள பெண்களுக்கு அது வலிப்பு வரும் அபாயத்தைப் பாதிக்கும் கீழே குறைக்கிறது என்று 2002-இல் வெளியான பெரிய பன்னாட்டு ஆய்வு உறுதி செய்தது. மருத்துவமனைக்கு நேரத்தோடு வந்து சேர்ந்தால்தான் அந்த மருந்து உதவும்.

ரத்தம் உறைந்து கட்டியாகி ரத்தக் குழாயை அடைப்பதும் பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரத்தின் ஆபத்துதான். பிரசவத்தில் ரத்தம் வீணாகாமல் இருக்க, உடம்பே ரத்தத்தின் உறைதன்மையைக் கூட்டி வைத்திருக்கிறது. சிசேரியனுக்குப் பிறகு அசையாமல் படுத்திருந்தால் காலில் ரத்தம் உறையும். உங்கள் தங்கைக்கு இரண்டு காலும் வீங்கியிருப்பதாகச் சொன்னீர்கள். ஒரு கால் மட்டும், அதிலும் இடது கால் வீங்கி, கெண்டைச் சதையில் வலித்தால் உறைகட்டியைத்தான் முதலில் நினைக்க வேண்டும். அப்படிப்பட்ட காலில் எண்ணெய் தடவி உருவிவிடவே கூடாது. பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு உருவிவிட்டு வெந்நீர் ஊற்றுவது நம் பக்கத்தில் அன்போடு செய்வது. ஆனால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் நிமிடங்களில் உயிர் போகும். திடீரென்று மூச்சு வாங்குவதும், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்துவதும், மயக்கமும் அதன் அடையாளங்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியால் இதைக் கட்டுப்படுத்தலாம். அது தாய்ப்பால் வழியாகக் குழந்தையைப் பாதிக்காது.

அதே உறைகட்டி மூளையின் சிரைகளிலும் ஏற்படும். தமிழ்நாட்டு நரம்பியல் மருத்துவர்கள் பிரசவமான பெண்களிடம் இதை நெடுங்காலமாகப் பார்த்து வருகிறார்கள். பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது, வயிறு சரிந்துவிடும் என்று தாகத்தோடு வைத்திருக்கும் வழக்கம் இதற்குத் துணைபோகிறது. கடலூர் வெயிலில், பால் கொடுக்கும் ஒருத்திக்குத் தண்ணீரை அளந்து கொடுத்தால் ரத்தம் கெட்டியாகாமல் என்ன செய்யும்? பத்தியத்தின் மற்ற பகுதிகளோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. தண்ணீர் விஷயத்தில் மட்டும் நான் பாட்டிமார்களிடம் விடாமல் வாதாடியிருக்கிறேன். (இதயம் பலவீனம் என்று தெரிந்துவிட்டால் கணக்கு வேறு, அப்போது எவ்வளவு குடிப்பது என்பதை மருத்துவர் சொல்வார்.) முதுகில் ஊசி போட்டு மயக்கம் கொடுத்தவர்களுக்கு வரும் தலைவலி, உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். படுத்தாலும் முக்கினாலும் கூடுகிற தலைவலி, அதனோடு வாந்தி, ஒருபக்கக் கை கால் சோர்வு, வலிப்பு என்றால் மூளைச் சிரைகளைப் படம் எடுத்தே ஆக வேண்டும்.

மாரடைப்பு இந்த வயதில் வருமா என்று கேட்பார்கள். அரிதுதான், ஆனாலும் வரும். பிரசவத்தை ஒட்டி வரும் மாரடைப்பில் கொழுப்பு அடைப்பைவிட, இதயத் தமனியின் உட்சுவர் தானாகக் கிழிந்து வழி அடைபடுவதே அதிகம். பிரசவமான முதல் மாதத்தில் இது கூடுதலாக நிகழ்கிறது. நெஞ்சு அழுத்தினால் வாயு என்று சொல்லி ஓமத் தண்ணீரும் பூண்டும் கொடுத்துக் காத்திருக்கும் வீடுகளே அதிகம். வாயுவாகவே இருந்தாலும் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிட்டு வாயு என்று சொல்லட்டும். நெஞ்சிலிருந்து முதுகுக்குக் கிழித்துக்கொண்டு போவது போன்ற வலி, இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக் குழாயான மகாதமனி கிழிவதாக இருக்கலாம். அதில் ஒரு மணி நேரமும் வீணாக்கக் கூடாது.

கர்ப்பத்துக்கு முன்பே இதயக் கோளாறு இருந்தும் தெரியாமல் இருப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியின் முன்முயற்சியில் 2016 முதல் 2019 வரை இதயநோயுள்ள சுமார் ஆயிரம் கர்ப்பிணிகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். அவர்களில் 60 சதவீதத்துக்கும் சற்று அதிகமானோருக்கு இதயநோய் இருப்பதே அந்தக் கர்ப்பத்தில்தான் தெரியவந்தது. 42 சதவீதம் பேருக்கு இருந்தது ருமாட்டிக் இதயநோய், அதாவது சிறுவயதில் தொண்டைப் புண்ணையும் மூட்டு வலியையும் அடுத்து வால்வு சுருங்கிப்போவது. சிறுமியாக இருந்தபோது மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டிருப்பார்கள். கல்யாணப் பேச்சு வந்ததும் அதை நிறுத்திவிட்டு, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று சீட்டையும் பரணில் போட்டுவிடுவார்கள். இந்த மறைப்பால் இறந்துபோன பெண்களை எனக்குத் தெரியும். வால்வு சுருக்கத்தைக் கர்ப்பத்திலேயேகூட பலூன் வைத்து விரித்துவிட முடியும். சொன்னால்தானே செய்வார்கள்? செயற்கை வால்வு பொருத்தியவர்கள் நாள் தள்ளிய வாரமே மருத்துவரிடம் போக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க அவர்கள் சாப்பிடும் வார்ஃபரின் மாத்திரை கருவின் ஆறாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரத்துக்குள் குழந்தையின் உருவாக்கத்தைப் பாதிக்கலாம். அதற்குப் பயந்து தாமாக நிறுத்தினால் வால்வே உறைந்து நின்றுவிடும். எதை, எப்போது மாற்றுவது என்பது இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியது.

நம் வழக்கத்தில் இன்னோர் இடைவெளியும் இருக்கிறது. கர்ப்பிணிப் பெண் நெய்வேலியில் மாமியார் வீட்டில் இருந்தபடி ஒரு மருத்துவரிடம் காட்டுகிறாள். வளைகாப்பு முடிந்து கடலூருக்கோ புதுச்சேரிக்கோ வருகிறாள். பிரசவம் வேறு மருத்துவமனையில். முதல் மருத்துவர் கவனித்த அழுத்தமும் ரத்தசோகையும் இரண்டாமவருக்குத் தெரிவதில்லை. ரத்தசோகை என்றதும் நினைவுக்கு வருகிறது, ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால் அதுவே இதயத்தைத் திணறடிக்கும். உங்கள் தங்கைக்கு அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தாய்ப்பால். அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம். இதயத்துக்குக் கொடுக்கும் எனலாப்ரில், மெட்டோப்ரோலால் போன்ற மருந்துகளைப் பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடலாம். நீர் பிரிய வைக்கும் மருந்தால் பால் சற்றுக் குறையலாம். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டினிலிருந்து உடையும் ஒரு துண்டு இதயத்தசையைத் தாக்குகிறது என்று ஜெர்மனியின் ஹானோவர் ஆய்வாளர்கள் 2007-இல் காட்டினார்கள். அதனால் இதயம் மிகவும் தளர்ந்தவர்களுக்குப் பாலை வற்ற வைக்கும் புரோமோக்ரிப்டின் மாத்திரையைச் சில மருத்துவர்கள் கொடுப்பார்கள். அதோடு ரத்தம் உறையாமல் இருக்க மருந்தும் சேர்ப்பார்கள். அப்படிச் சொன்னால், தாயின் உயிரை முன்வைத்துச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். "பால் கூடக் கொடுக்கவில்லை" என்று யாரும் அவர் காதுபடப் பேசாமல் பார்த்துக்கொள்வது அண்ணனாகிய உங்கள் பொறுப்பு.

சாப்பாட்டில் உப்புதான் முக்கியம். முதுநகரில் பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு செய்யாத வீடு இராது. பச்சை மீன்தான், உப்பைக் குறைத்துத் தாராளமாகக் கொடுங்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் இப்போதைக்கு வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகு தினமும் காலையில் எடை பாருங்கள். இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர்.

அடுத்த குழந்தை பற்றிய கேள்விக்கு இன்று யாராலும் பதில் சொல்ல முடியாது, எக்கோதான் சொல்லும். இந்த நோய் உறுதியானால், தள்ளுதிறன் முழுமையாகத் திரும்பாத நிலையில் மறுபடி கருத்தரிப்பதை நான் கடுமையாகவே தடுப்பேன். 2001-இல் வந்த ஆய்வில், தேறியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அடுத்த கர்ப்பத்தில் இதயம் மீண்டும் தளர்ந்தது. தேறாதவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் தளர்ந்தது, தேறாதவர்கள் எல்லோரிலும் ஐந்தில் ஒரு பங்கினர் இறந்தார்கள். நோய் வெறும் அழுத்தம் மட்டும்தான் என்று தெரிந்தால் நிலைமை எவ்வளவோ மேல். அடுத்த கர்ப்பத்தில் பன்னிரண்டாம் வாரத்திலேயே சிறு அளவு ஆஸ்பிரின் தொடங்கலாமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும், குழந்தை வளர்ந்த பிறகும் ஆண்டுக்கொருமுறை அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். எதுவானாலும் இப்போதைக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை கூடாது, ரத்தம் உறையும். காப்பர் டி வைக்கலாம். குடும்பம் போதும் என்று இருவரும் முடிவெடுத்தால், இதயம் தளர்ந்த பெண்ணை இன்னோர் அறுவைக்கு அனுப்புவதைவிட, சில நிமிடங்களில் முடியும் ஆண்களுக்கான கருத்தடைச் சிகிச்சையை மாப்பிள்ளை செய்துகொள்ளலாம். அவரிடம் நீங்களே பேசுங்கள்.